நாமக்கல் முட்டையும் நம் பிள்ளைகளின் ஹார்மோனும்

"பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம். அதைத் தின்றுதான் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலேயே பெரிய மனுஷி ஆகிவிடுகிறார்களாம்." சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வலிமா விருந்துக்குப் போய் உட்கார்ந்தால், பிரியாணி பரிமாறி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வாட்ஸ்அப்பில் இதே செய்தி வருடத்துக்கு நான்கு முறை சுற்றி வருகிறது. இதன் பலன் என்ன? சில வீடுகளில் பெண்பிள்ளையின் தட்டிலிருந்து முட்டை எடுக்கப்படுகிறது. ஆண்பிள்ளைக்கு மட்டும் வைக்கப்படுகிறது. வளரும் வயதில் புரதம் அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகிறது.

இந்தப் பயத்தில் உண்மை எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், ஹார்மோன் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் கோழி விஷயம் மட்டுமல்ல, குடும்பத்தில் நாம் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய வேறு பல விஷயங்களும் தெளிவாகும்.

கடிதமும் அதைப் படிப்பவரும்

தைராய்டு, அட்ரினல், சூலகம், விந்தகம் போன்ற நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன், இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவது போலத்தான். ஆனால் எல்லா வீட்டிலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் இருப்பதில்லை. எந்தச் செல்லில் அந்த ஹார்மோனைப் படிக்கும் 'ஏற்பி' இருக்கிறதோ, அந்தச் செல் மட்டுமே அதற்குச் செவிசாய்க்கும்.

ஏற்பிகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று செல்லின் மேற்சுவரில் இருப்பது. இன்சுலினும் வளர்ச்சி ஹார்மோனும் இந்த வாசலோடு நின்றுவிடும். இவை புரதத்தால் ஆனவை, உருவில் பெரியவை. உள்ளே நுழைய முடியாது. இன்னொரு வகை செல்லுக்குள்ளேயே இருந்து, உட்கருவில் மரபணுவின் மீது நேரடியாக வேலை செய்வது. இவற்றை உட்கரு ஏற்பிகள் என்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசோல், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவை இந்த வழியில் செயல்படுகின்றன. மனித உடலில் இத்தகைய ஏற்பிகள் மொத்தம் 48 உண்டு.

உட்கரு ஏற்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கை ஹார்மோனைப் பிடிக்கும். மறு கை மரபணுவின் குறிப்பிட்ட இடத்தைப் பிடிக்கும். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பியின் உருவம் மாறுகிறது. அந்த மரபணு விழிக்கிறது அல்லது உறங்குகிறது. செல் புதிய புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது அல்லது நிறுத்துகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்வதும், பருவ வயதில் உடல் மாறுவதும், வளர்ந்த பிறகு உடலின் சூடும் உப்பும் சர்க்கரையும் நிலையாக இருப்பதும் பெருமளவு இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் கோழிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தினார். அது கருப்பையில் தங்கி நின்றதைக் கண்டார். தங்கி நிற்கிறது என்றால் அங்கே பிடித்து வைக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். பின்னர் பெர்ட் ஓ'மாலி போன்றவர்கள் கோழியின் முட்டைக்குழாயை எடுத்து ஆராய்ந்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவில் பாதிக்கும் மேற்பட்ட புரதம் ஓவால்புமின். அந்த ஒரே புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்ரோஜன் எப்படி விழிக்கச் செய்கிறது என்பது உலகம் முழுவதும் பாடமாக அமைந்தது. 1986-ல் தைராய்டு ஹார்மோன் ஏற்பி எது என்று அடையாளம் காணப்பட்டபோதும், அது கோழிகளுக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸில் இருந்த மரபணுவின் இயல்பான வடிவம் என்று தெரிந்தது. ஜென்சன், ரொனால்டு எவன்ஸ், பியர் ஷாம்பான் மூவருக்கும் 2004-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆக, நாமக்கல்லில் ஒரு கோழி முட்டையிடுவதே உட்கரு ஏற்பிகளின் வேலைதான். அதன் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. கல்லீரல் அந்தக் கடிதத்தைப் படித்து மஞ்சள் கருவுக்கான புரதத்தை அனுப்புகிறது. முட்டைக்குழாய் அதே கடிதத்தைப் படித்து வெள்ளைக்கருவைத் தயாரிக்கிறது. ஒரே ஹார்மோன், இரண்டு உறுப்புகள், இரண்டு வேறு வேலைகள். பண்ணைகளில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்போம். ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் கோழியின் மூளை சூலகத்தைத் தொடர்ந்து தூண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஊசியில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு வேறுபாடு. நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகள். கறிக்கோழித் தொழில் பல்லடம், கோவைப் பக்கம்தான் அதிகம். பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கி, கறிக்கோழியின் பழியை முட்டை மீது போட்டுவிடுகிறோம்.

கோழிக்கு ஊசி போடுவது உண்மைதான். அது தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் நோய், மேரெக்ஸ் நோய் போன்றவை வந்தால் பண்ணை முழுவதும் காலியாகிவிடும். அதனால் குஞ்சு பொரித்த அன்றே ஓர் ஊசி, பிறகு கண்ணில் சொட்டு, தண்ணீரில் கலந்து ஒன்று என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லா ஊசியும் ஒன்றுதான்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியாக இருந்தால்? அது இன்சுலினைப் போலப் புரதம். நம் வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டிமார்கள் இன்சுலினை ஏன் விழுங்காமல் குத்திக்கொள்கிறார்கள்? விழுங்கினால் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும் என்பதால்தான். கோழியின் வளர்ச்சி ஹார்மோனைச் சமைத்துச் சாப்பிட்டாலும் அதே கதிதான். மேலும், ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது.

அப்படியானால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி வருகிறது? பதில் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒரே இடத்தில் வளர்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் 1957-ன் இனம் 905 கிராம். 1978-ன் இனம் 1,808 கிராம். 2005-ன் இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றே, மாறியது பரம்பரை மட்டும்.

ஆனாலும் இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வாய்வழியே போனாலும் கெடாமல் உடலில் சேரக்கூடிய ஹார்மோன்கள் உண்டு; அவை உட்கரு ஏற்பிகளைப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. கருத்தடை மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் விழுங்கியே வேலை செய்கின்றன அல்லவா? 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒன்றைத் தயாரித்தார். சுருக்கமாக டி.இ.எஸ். என்பார்கள். அமெரிக்காவில் 1940-களின் இறுதியிலிருந்து சேவல்களின் கழுத்தில் இதன் சிறு வில்லையைப் பதித்தார்கள். சேவலின் இறைச்சி மென்மையாகவும் கொழுப்பாகவும் ஆனது. கறியில் மருந்தின் எச்சம் தங்குவது தெரிந்ததும் 1959-ல் கோழிகளுக்கு அது நிறுத்தப்பட்டது.

அதைவிடப் பெரிய கொடுமை, அதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி கர்ப்பிணிகளுக்கே கொடுத்ததுதான். 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள், தாய் அந்த மாத்திரை சாப்பிட்டபோது கருவில் இருந்த பெண்கள் சிலருக்கு இளவயதிலேயே அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். கருவில் உறுப்புகள் உருவாகும் நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குத் தவறான கடிதம் போனால், அதன் விளைவு இருபது வருடம் கழித்தும் தலைகாட்டும் என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது.

கோழிப்பண்ணை பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால், நம் கருத்தில் அது ஹார்மோன் அல்ல, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். கடைசி ஆயுதமாக மருத்துவமனைகளில் வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழிகளுக்குக் கொடுப்பதை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு செய்தியும் வருவதில்லை!

பிறகு ஏன் சீக்கிரம்?

பெண்பிள்ளைகள் முந்தைய தலைமுறையைவிடச் சீக்கிரம் வயதுக்கு வருவது உலகம் முழுவதும் காணப்படுகிறது. சத்தான உணவும் குறைந்த நோய்களும் ஒரு காரணம். அது நல்ல விஷயமே. இன்னொரு காரணம் உடல் பருமன். கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, உடல் தயாராகிவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியும் அதில் இருக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜனை மார்பகமும் கருப்பையும் எலும்பும் படிக்கின்றன. எலும்பு சீக்கிரமாக முற்றிவிட்டால் பிள்ளையின் உயரம் குறையக்கூடும்.

பிராய்லர் கோழியை எண்ணெயில் பொரித்து, பரோட்டாவோடும் குளிர்பானத்தோடும் சாப்பிட்டு, மாலை முழுவதும் செல்போனோடு உட்கார்ந்திருந்தால் எடை கூடத்தான் செய்யும். அதில் கோழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியா? அவித்த முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பு மார்பக வளர்ச்சி தெரிந்தாலோ, ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பு பருவ மாற்றம் தெரிந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாக மூளையிலோ சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். பருவத்தைத் தள்ளிப்போடும் சிகிச்சையும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதைப் பற்றி நம் குடும்பங்களில் பேசுவதே இல்லை. 15 வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால், "நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். பல காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலானவை சாதாரணமானவை. அரிய காரணங்களில் ஒன்று, ஏற்பியின் சக்தி என்ன என்பதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. சில குழந்தைகளுக்குக் குரோமோசோம் ஆணுக்குரிய எக்ஸ்-ஒய். உடலுக்குள் விந்தகம் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் தாராளமாகச் சுரக்கும். ஆனால் அதைப் படிக்கும் ஏற்பி பழுது. கடிதம் குவிந்து கிடக்கிறது, படிக்க ஆளில்லை. எனவே குழந்தை வெளித்தோற்றத்தில் முழுமையான பெண்ணாகப் பிறக்கிறாள், பெண்ணாகவே வளர்கிறாள். மார்பக வளர்ச்சியும் வரும். கருப்பை மட்டும் இருக்காது.

இது அவளுடைய குற்றமுமல்ல, தாயின் குற்றமுமல்ல. ஒரு ஸ்கேனும் சில இரத்தப் பரிசோதனைகளும் செய்தால் தெரிந்துவிடும். தெரியாமலே திருமணம் நடந்து, குழந்தை இல்லை என்று அந்தப் பெண் பேச்சு வாங்கி, தலாக் வரை போகும் நிலையைத் தவிர்க்க வேண்டியது பெற்றோரின் கடமை என்று நாம் நினைக்கிறோம்.

சொந்தத்தில் திருமணம் அதிகமுள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால், அட்ரினல் சுரப்பியால் கார்டிசோலைச் சரியாகத் தயாரிக்க முடியாமல், ஆண் ஹார்மோன் மிகுதியாகிவிடும் நோய் ஒன்று உண்டு. பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று உறுப்பைப் பார்த்துத் தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் அதை மூடி மறைக்கக் கூடாது. சில வாரங்களுக்குள் உடலின் உப்பு வெளியேறி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து கொடுத்தால் பிழைத்து நன்றாக வளரும்.

தைராய்டும் குச்சிக்கிழங்கும்

தைராய்டு ஏற்பிக்கு ஒரு விசித்திரமான குணம். ஹார்மோன் வரும்வரை அது சும்மா காத்திருப்பதில்லை. மரபணுவின் மேல் அமர்ந்து அதை அடைத்தே வைத்திருக்கிறது. ஹார்மோன் வந்தால்தான் விடுவிக்கிறது. தைராய்டு சுரப்பி இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களில் இறந்துவிடும். அதே எலிகளில் ஒரு வகைத் தைராய்டு ஏற்பியையும் நீக்கிவிட்டால் அவை பிழைத்துக்கொள்கின்றன! ஹார்மோன் இல்லாததைவிட, ஹார்மோன் இல்லாத ஏற்பி அடைத்துக்கொண்டிருப்பதே பெரிய கேடு என்பது இதன் பொருள்.

மனிதக் குழந்தைக்கும் அதனால்தான் நேரம் முக்கியம். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதிகம் அழாது, நன்றாகத் தூங்கும், "சமத்துக் குழந்தை" என்போம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி இயல்பாக இருக்கும். மாதங்கள் கடந்தால் இழந்தது முழுமையாகத் திரும்பாது. பிரசவமான மருத்துவமனையில், "தைராய்டு சோதனை செய்தீர்களா?" என்று நாமே கேட்டு வாங்க வேண்டும்.

தைராய்டு ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேண்டும். நாட்டின் உப்பில் பெரும்பங்கைத் தரும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனாலும் 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளில் நம் மாநிலம் கடைசி இடத்தில், சுமார் 62 சதவீதத்தில் நின்றது. தூத்துக்குடிக் கல்லுப்புதான் ருசி என்று வாங்குபவர்கள் பொட்டலத்தில் அயோடின் குறி உண்டா என்று பார்ப்பது நல்லது.

சேலம், நாமக்கல் வயல்களில் விளையும் குச்சிக்கிழங்கு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருப்பதும், அது உடலில் மாறி அயோடின் தைராய்டுக்குள் போவதைத் தடுப்பதும் உண்மை. ஆப்பிரிக்காவில் அயோடின் குறைவாக இருந்து, சரியாகப் பதப்படுத்தாத கிழங்கே அன்றாட உணவாக இருந்த பகுதிகளில் கழலை நோய் பரவியது. நாம் தோலைச் சீவி, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். ஜவ்வரிசி ஆலையிலோ மாவு பலமுறை கழுவப்படுகிறது. அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில் ஜவ்வரிசிப் பாயாசத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

மருந்துக் கடையிலிருந்து வரும் ஹார்மோன்

கோழியில் தேடிய ஹார்மோன் உண்மையில் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முகம் வெளுக்க என்று தோழிகள் கைமாற்றும் கிரீம்கள் பலவற்றில் இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு. மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் 2018-ல் இவை சேர்க்கப்பட்டும், கேட்டவுடன் கிடைக்கின்றன. சில வாரங்களில் முகம் மெலிந்து சிவந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரியும். எடை கூட என்று தரும் மாத்திரைகளிலும், மூட்டுவலிக்கான பெயரில்லாப் பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதுண்டு. இவை எல்லாம் கார்டிசோலின் உட்கரு ஏற்பியைப் பிடிப்பவை.

பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை வைட்டமின் ஏ-யின் ஏற்பிகள் வழியே செயல்படுவது. அந்த ஏற்பிகள்தான் கருவின் முகம், இதயம், மூளை எங்கே எப்படி அமைய வேண்டும் என்பதை வழிநடத்துகின்றன. கல்யாணத்துக்கு முகம் தெளிய வேண்டும் என்று இதைச் சாப்பிடும் மணப்பெண், மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும்வரை கருத்தரிக்கவே கூடாது. மருந்து எழுதும் தோல் மருத்துவரிடம் நிக்காஹ் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

நோன்பு காலத்துக்கு இரண்டு விஷயங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியது. ரமளானில் ஸஹருக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு உணவு முடிந்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்தோ எடுக்கலாம். எது பொருந்தும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்குப் பல வாரங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், நோன்பு என்று அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் படித்துப் படித்து, போதும் என்று மூளை அட்ரினல் சுரப்பியைத் தூங்க வைத்திருக்கும். மாத்திரையும் நின்றுவிட்டால் உடலில் கார்டிசோலே இல்லாமல் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். அப்படி மயங்கியவரை நோன்புக் களைப்பு என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "இவர் இந்த மாத்திரை சாப்பிட்டு வந்தார்" என்று அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.